சட்டைப் பையில் மூன்றரை வட்டி!

நூற்றுக்கு மூன்றரை வட்டி என்று ஒருவன் நம் தெருவில் கடை விரித்தால் நாம் என்ன செய்வோம்? ஜமாஅத்தில் புகார் கொடுப்போம். ஜும்ஆ மேடையில் கண்டிப்போம். அவன் வீட்டு விருந்தில் சாப்பிடலாமா என்று ஆலிம்களிடம் கேள்வி கேட்போம். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தடை செய்து 2003லேயே தமிழக அரசு சட்டம் போட்டிருக்கிறதே, காவல்துறை என்ன செய்கிறது என்று போஸ்டர் ஒட்டுவோம்.

அதே மூன்றரை வட்டி இன்று பிளாஸ்டிக் அட்டையாக நம் சட்டைப் பையில் இருக்கிறது. நாம் பள்ளிவாசலுக்குப் போனால் அதுவும் கூடவே வருகிறது. அதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

கிரெடிட் கார்டைத்தான் சொல்கிறோம்.

கார்டு பாக்கிக்கு வங்கிகள் வழக்கமாகப் போடும் வட்டி மாதத்துக்கு மூன்று முதல் மூன்றே முக்கால் சதவிகிதம். ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 36 முதல் 45 சதவிகிதம். அந்த வட்டியின் மீது 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. வேறு. கந்துவட்டிக்காரன் கூட வட்டிக்கு வரி வசூலிப்பதில்லை!

சட்டம் நம்மைக் காப்பாற்றும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 30 சதவிகிதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக முறை என்று 2008ல் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது. வங்கிகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. முப்பது என்ற வேலியும் போய்விட்டது. இனி நம்மை நாம்தான் காத்துக் கொள்ள வேண்டும்.

கூடுமா, கூடாதா?

கார்டு வைத்திருப்பதே கூடுமா என்று சிலர் கேட்கலாம். 2000ஆம் ஆண்டு ரியாதில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி இதை ஆராய்ந்தது. பாக்கிக்கு வட்டி என்ற நிபந்தனை உள்ள கார்டை, குறித்த நாளுக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது என்று தீர்மானித்தது. கெடுவுக்குள் முழுவதும் கட்டிவிடுபவர் மீது குற்றமில்லை என்று கருதும் ஆலிம்களும் இருக்கிறார்கள். இது அவர்களுக்குள் இருக்கும் கருத்து வேறுபாடு.

ஆனால் பாக்கி வைத்து, மாதா மாதம் வட்டி கட்டிக் கொண்டு, அதையே வாழ்க்கை முறையாக வைத்துக் கொள்ளலாம் என்று எந்த ஆலிம் சொன்னார்? ஒருவரைக் காட்டுங்கள் பார்க்கலாம்!

எனவே இன்னும் கார்டு வாங்காத இளைஞர்களுக்கு நாம் சொல்வது ஒரே வரிதான். தேவையில்லாத கிணற்றை எட்டிப் பார்க்காதீர்கள். ஏற்கனவே விழுந்துவிட்டவர்களுக்குத்தான் நாம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

மினிமம் என்ற தூண்டில்

பில் வருகிறது. மொத்தம் 50,000 ரூபாய். அதற்குக் கீழே இன்னொரு தொகை. குறைந்தபட்சம் கட்ட வேண்டியது 2,500 ரூபாய். நம் இளைஞன் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறான். 2,500தானே, கட்டிவிடலாம் என்கிறான்.

சகோதரனே, பேப்பரும் பேனாவும் எடு. கணக்குப் போடுவோம்.

50,000ல் 2,500 கட்டினாய். மீதி 47,500. இதற்கு மாதம் மூன்றரை சதவிகித வட்டி 1,662 ரூபாய். வட்டிக்கு ஜி.எஸ்.டி. 299 ரூபாய். அடுத்த பில்லில் உன் கடன் 49,461 ரூபாய். நீ கொடுத்தது 2,500. கடன் குறைந்தது 539. மற்றதெல்லாம் எங்கே போனது?

இப்படியே ஒரு வருடம் கட்டு. இடையில் ஒரு ரூபாய்க்குக் கூட கார்டைத் தேய்க்கவில்லை என்றே வைத்துக் கொள்வோம். வருட முடிவில் நீ கொடுத்திருப்பது ஏறக்குறைய 28,000 ரூபாய். உன் கடன் இன்னும் ஏறக்குறைய 44,000 ரூபாய்! பன்னிரண்டு மாதம் உழைத்துக் கொட்டியதில் ஆறாயிரம்தான் கடனில் கழிந்தது. 22,000 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போய்விட்டது.

அதே 50,000க்கு மாதம் 5,000 என்று பிடிவாதமாகக் கட்டியிருந்தால்? பதின்மூன்று மாதத்தில் கடன் முழுவதும் தீர்ந்திருக்கும். மொத்தம் கொடுத்திருப்பது சுமார் 62,500 ரூபாய். மினிமம் என்பது உங்களுக்குக் காட்டும் சலுகை அல்ல. கடனாளியைக் கடனாளியாகவே வைத்திருக்கும் தொகை அது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பாக்கியில் ஒரு பகுதியை விட்டுவிட்டால், 45 நாள் வட்டியில்லை, 50 நாள் வட்டியில்லை என்று விளம்பரம் செய்தார்களே, அந்தச் சலுகை பறிபோய்விடும். பொருள் வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடும். புதிதாக ஒரு சட்டை வாங்கினால் அதற்கும் அன்றே வட்டி ஆரம்பம். ஏ.டி.எம்.மில் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தாலோ முதல் நாளே வட்டி, அதற்கு மேல் கட்டணம்.

ஸ்கோருக்காக வட்டியா?

இப்போது ஒரு புது வாதம் கிளம்பியிருக்கிறது. "கொஞ்சம் பாக்கி வைத்துக் கட்டினால்தான் பாய் சிபில் ஸ்கோர் ஏறும்" என்கிறார்கள். படித்த பிள்ளைகளே இப்படிச் சொல்கிறார்கள்.

இது பச்சைப் பொய்!

சிபில் என்பது என்ன? கடன் வாங்கியவர்களின் வரலாற்றைப் பதிவு செய்யும் நிறுவனம். 2000ல் தொடங்கப்பட்டது. இன்று எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று மேலும் மூன்று நிறுவனங்கள் உண்டு. 2005ல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் இவை இயங்குகின்றன. வங்கிகள் நம் கணக்கை இவற்றுக்கு அனுப்புகின்றன. இவை 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் போடுகின்றன. 750க்கு மேல் இருந்தால் நல்லது என்று வங்கிகள் பொதுவாகக் கருதுகின்றன.

அந்த மதிப்பெண் எதைப் பார்க்கிறது? சொன்ன தேதியில் கட்டினாயா என்று பார்க்கிறது. லிமிட்டில் எவ்வளவு பங்கைப் பயன்படுத்துகிறாய் என்று பார்க்கிறது. எத்தனை இடத்தில் புதிதாகக் கடன் கேட்டு அலைகிறாய் என்று பார்க்கிறது. எத்தனை வருடமாக ஒழுங்காக இருக்கிறாய் என்று பார்க்கிறது. நீ எவ்வளவு வட்டி கட்டினாய் என்பதற்கு அதில் ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்டியவனும் தேதியில் கட்டியவன்தான். மினிமம் கட்டி பாக்கியைச் சுமந்து திரிபவனுக்கோ லிமிட் நிறைந்தே இருப்பதால் மதிப்பெண் இறங்கத்தான் செய்யும். லிமிட்டில் 30 சதவிகிதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை.

ஆக, ஸ்கோருக்காக வட்டி கட்டுகிறேன் என்பவன் மார்க்கத்தையும் இழக்கிறான், ஸ்கோரையும் இழக்கிறான்.

வட்டி ஹராம், அதனால் கட்ட மாட்டேன்!

இது அடுத்த கூட்டம். வாங்கும்போது மார்க்கம் நினைவுக்கு வரவில்லை. செல்போன் வாங்கினார்கள். பைக்குக்கு டயர் மாற்றினார்கள். பிரியாணி வாங்கிச் சாப்பிட்டார்கள். பில் வந்த பிறகு திடீரென்று தக்வா வந்துவிட்டது! வட்டி ஹராமாம், வங்கிக்காரன் அநியாயக்காரனாம், அதனால் கட்ட மாட்டார்களாம்.

இந்தச் சகோதரர்களிடம் ஒரு கேள்வி. வட்டி ஹராம் சரி. நீங்கள் வாங்கிய அசல் யாருடையது? செல்போனின் விலையை எந்த ஃபத்வாவின்படி விழுங்கினீர்கள்?

கடன் வைத்து இறந்த ஒருவரின் ஜனாஸா கொண்டு வரப்பட்டபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாம் தொழுவிக்க முன்வரவில்லை. அந்தக் கடனுக்கு நான் பொறுப்பு என்று அபூகதாதா (ரலி) ஏற்றுக் கொண்ட பிறகே தொழுவித்தார்கள். புகாரியில் பதிவாகியுள்ள சம்பவம் இது. சில தீனார்கள்தான் அந்தக் கடன். உயிரைக் கொடுத்த ஷஹீதுக்குக் கூட கடன் மன்னிக்கப்படுவதில்லை என்று முஸ்லிம் நூலில் வருகிறது. வசதியிருந்தும் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்பதும் நபிகளாரின் போதனைதான். வாரிசுகளுக்குச் சொத்து பிரிக்கும் முன்னால் கடனைத் தீர்க்கச் சொல்கிறது திருக்குர்ஆன் (4:11). கடன் கொடுத்தவன் நல்லவனா கெட்டவனா என்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடு என்று எங்காவது சொல்லப்பட்டிருக்கிறதா?

கட்டாமல் விட்டால் வட்டி நின்றுவிடுமா? நிற்காது. மாதா மாதம் ஏறும். வட்டியிலிருந்து விடுபட ஒரே வழி, அசலை விரைவாக அடைத்துக் கணக்கை முடிப்பதுதான்.

கொஞ்ச காலம் கட்டாமல் இருந்தால் பாதிக்குப் பாதி பேசி முடித்துக் கொள்ளலாம் என்று காத்திருப்பவர்களும் உண்டு. நோயாலும் வேலையிழப்பாலும் உண்மையிலேயே முடங்கிப் போனவருக்கு அது ஒரு வாசல்தான். கஷ்டப்படும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்லும் மார்க்கம் இது (2:280). ஆனால் அப்படி முடித்த கணக்கு அறிக்கையில் 'குளோஸ்டு' என்று வராது. 'செட்டில்டு' என்று வரும். முழுவதும் கட்டாதவர் என்றே அடுத்த வங்கி அதைப் படிக்கும். அந்தத் தழும்பு பல ஆண்டுகள் போகாது. கையில் பணம் வைத்துக் கொண்டே அதற்காகக் காத்திருப்பவர், மேலே சொன்ன அநியாயம் என்ற வார்த்தையைத் திரும்பப் படிக்கட்டும்.

2025ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு ஒன்று இளைஞர்கள் அனைவரும் அறிய வேண்டியது. ஸ்டேட் பாங்கில் வேலைக்குத் தேர்வான ஒருவரின் நியமனம், கடன் மற்றும் கார்டு பாக்கிகளில் அவருக்கு இருந்த மோசமான வரலாற்றைக் காரணம் காட்டி ரத்து செய்யப்பட்டது. வங்கி செய்தது சரியே என்றது நீதிமன்றம். வங்கி வேலைக்கு நாம் போவதில்லை என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். மனிதனின் நாணயத்தை அளக்க இன்று உலகம் எதைக் கையில் எடுத்திருக்கிறது என்பதுதான் இதில் பாடம்.

விமானம் ஏறினால் தப்பித்துவிடலாமா?

வளைகுடாவில் இருக்கும் நம் சகோதரர்கள் சிலரிடமும் இந்த நோய் இருக்கிறது. துபாயில் இரண்டு மூன்று கார்டு. லிமிட் வரை தேய்ப்பது. பிறகு ஊருக்கு விமானம் ஏறிவிடுவது. வங்கி ஊர் வரைக்குமா வரப் போகிறது என்ற தைரியம்.

வரும்! ஐக்கிய அரபு அமீரகத்தின் சிவில் நீதிமன்றத் தீர்ப்புகளை இந்திய மாவட்ட நீதிமன்றங்களிலேயே நிறைவேற்ற வழி செய்து 2020 ஜனவரியில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. அங்கே வாங்கிய தீர்ப்பை இங்கே கொண்டு வந்து ஊரில் உள்ள வீட்டின் மீது கை வைக்க முடியும். அத்தா ஒவ்வொரு செங்கலாக வைத்துக் கட்டிய வீட்டை அடகு வைக்கும் வேலைதான் இது. மீண்டும் அந்த நாட்டு விமான நிலையத்தில் இறங்கும்போது என்ன நடக்கும் என்பதையும் சேர்த்துச் சிந்தியுங்கள். ஒருவன் ஓடிவந்தால், அடுத்து விசா கேட்டு நிற்கும் நம் ஊர்ப் பையனையும் அதே கண்ணோடுதான் பார்ப்பார்கள்.

வியாபாரிகளே, உங்கள் மெஷினைப் பற்றி!

இளைஞர்களை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக முடியாது. வியாபாரப் பெருமக்களே, உங்களிடமும் சில கேள்விகள் இருக்கின்றன.

உங்கள் கடையில் கார்டு தேய்க்கும் மெஷின் இருக்கிறது. ஒருவன் வருகிறான். பொருள் எதுவும் வேண்டாம். 50,000 ரூபாய்க்குத் தேய்த்துக் கொள்ளுங்கள், கமிஷனை எடுத்துக் கொண்டு மீதியைப் பணமாகக் கொடுங்கள் என்கிறான். நூற்றுக்கு இரண்டரை ரூபாய் பிடித்துக் கொண்டு கொடுக்கிறீர்கள். இதற்கு என்ன பெயர்?

சரக்கு எங்கே? விற்றது எது? வாங்கியது எது? விற்காத பொருளுக்குப் பில் போடுவது பொய் இல்லையா? சரக்கு கொடுக்காமல் பில் போடுவது ஜி.எஸ்.டி. சட்டத்திலும் அபராதத்துக்குரிய குற்றம். மெஷின் கொடுத்த வங்கிக்குத் தெரிந்தால் மெஷினைப் பிடுங்கும், கணக்கை முடக்கும். அதெல்லாம் இம்மையில். அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்யக் கூடாது என்று பயான் கேட்டு வளர்ந்த நாம், தராசில் எதையுமே வைக்காமல் விற்றதாக எழுதுகிறோமே, இதற்கு மறுமையில் என்ன பதில்?

அந்த இளைஞனின் நிலையைப் பாருங்கள். ஒரு கார்டில் எடுத்து இன்னொரு கார்டுக்குக் கட்டுகிறான். மாதம் ஒரு முறை 50,000 சுற்றினால் மாதம் 1,250 கமிஷன். வருடத்துக்கு 15,000. கடன் அதே 50,000. அவன் மூழ்கிக் கொண்டிருக்கிறான். நாம் கரையில் நின்று தண்ணீரை விற்றுக் கொண்டிருக்கிறோம்!

'நோ காஸ்ட் ஈ.எம்.ஐ.' என்ற பலகையும் நம் கடை வாசலில் தொங்குகிறது. வட்டியே இல்லாத தவணையாம்! பூஜ்ஜிய வட்டி என்று எதுவும் இல்லை, வட்டி வேறு கட்டணத்துக்குள் ஒளிந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கியே 2013ல் வங்கிகளைக் கண்டித்தது. இன்றைய முறையில் விலைத் தள்ளுபடி என்ற பெயரில் வட்டி ஈடு கட்டப்படுகிறது. பில்லைப் பிரித்துப் பாருங்கள். வட்டி என்று ஒரு வரி இருக்கும். அந்த வட்டிக்கு ஜி.எஸ்.டி.யும் இருக்கும். பலகையை மாட்டும் முன் அதில் எழுதியிருப்பது உண்மையா என்று பார்ப்பது வியாபாரியின் கடமையல்லவா?

அடைப்பது எப்படி?

திட்டிவிட்டுப் போவது எளிது. வழியும் சொல்ல வேண்டும்.

முதலாவது, நிறுத்துங்கள். பாக்கி இருக்கும் வரை அந்தக் கார்டில் ஒரு டீ கூட குடிக்காதீர்கள். செல்போன் செயலிகளில் பதிந்து வைத்த கார்டு எண்ணை நீக்குங்கள். குழாயை மூடாமல் தரையைத் துடைத்துப் பயனில்லை.

இரண்டாவது, எழுதுங்கள். திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது (2:282). ஒரே தாளில் எல்லாக் கார்டுகளையும் எழுதுங்கள். எவ்வளவு பாக்கி, எத்தனை வட்டி, எந்தத் தேதி கெடு. எழுதியதை மனைவியிடமோ அத்தாவிடமோ காட்டுங்கள். மறைத்து வைக்கும் வரைதான் இந்தக் கடன் வளரும்.

மூன்றாவது, பணம் தேடுங்கள். மூன்றரை வட்டியைச் சுமந்து கொண்டே இரண்டு லட்ச ரூபாய் பைக்கில் போவது மானமல்ல. விற்றுவிடுங்கள். பெட்டியில் தூங்கும் நகையை விற்பது பற்றி வீட்டாரோடு பேசுங்கள். உடன்பிறந்தவர்களிடம் கைமாற்று கேளுங்கள். அதையும் சாட்சியோடு எழுதிக் கொடுங்கள். பைத்துல்மாலில் வட்டியில்லா நகைக்கடன் கொடுக்கும் ஊர்கள் பல உண்டு. உங்கள் ஊரில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

நான்காவது, வரிசைப்படுத்திக் கட்டுங்கள். எல்லாக் கார்டுகளுக்கும் கெடு தவறாமல் மினிமத்தையாவது கட்டுங்கள். இல்லையேல் அபராதம் சேரும். மீதமுள்ள ஒவ்வொரு ரூபாயையும் வட்டி அதிகமுள்ள ஒரே கார்டில் போடுங்கள். வட்டி எல்லாவற்றிலும் ஒன்றாக இருந்தால் சிறிய பாக்கியை முதலில் முடியுங்கள். ஒன்று முடிந்ததும் அதற்குக் கட்டிய தொகையை அடுத்ததோடு சேருங்கள். பாக்கியை ஈ.எம்.ஐ.யாக மாற்றித் தருகிறோம் என்று வங்கி கூப்பிடும். அதில் வட்டி குறையும், ஒழியாது. வேறு வழியே இல்லாத நிர்ப்பந்தத்தில் இருப்பவர் ஓர் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யட்டும். ஆனால் மாற்றிய கையோடு அதே கார்டை மீண்டும் தேய்ப்பவரை யாராலும் காப்பாற்ற முடியாது.

ஐந்தாவது, முடித்ததற்கு ஆதாரம் வாங்குங்கள். பாக்கி இல்லை என்ற சான்றிதழை எழுத்தில் பெறுங்கள். கார்டு வேண்டாம் என்றால் எழுதிக் கொடுங்கள். பாக்கி இல்லாத நிலையில் ஏழு வேலை நாட்களுக்குள் கணக்கை மூட வேண்டும், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. நீங்கள் கேட்காமல் கார்டை அனுப்பிக் கட்டணம் போட்டால், போட்டதை ரத்து செய்வதோடு அதைப் போல இரண்டு மடங்கு அபராதமும் வங்கி உங்களுக்குத் தர வேண்டும் என்பதும் அதே விதிதான்.

மிரட்டலுக்குப் பயப்படாதீர்கள். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூல் ஏஜெண்டு போன் செய்யக் கூடாது. குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொல்லை செய்து அவமானப்படுத்தக் கூடாது. இவையெல்லாம் 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி எழுத்தில் சொன்னவை. கார்டு பாக்கி சிவில் விவகாரம். போலீஸ் வந்து பிடித்துக் கொண்டு போகும் என்பது வெறும் பூச்சாண்டி. ஆனால் பாக்கிக்காக செக் கொடுத்து அது திரும்பினால் கிரிமினல் வழக்காகும். அதில் கவனம் தேவை.

நாணயமே நம் மூலதனம்

தமிழில் காசுக்கும் நாணயம் என்று பெயர். சொன்ன சொல் தவறாமைக்கும் நாணயம் என்று பெயர். நம் முன்னோர் இரண்டாவது நாணயத்தை வைத்து முதல் நாணயத்தைச் சம்பாதித்தார்கள். பாய் கடைக்கு என்றால் சீட்டு எழுதாமலே சரக்கு இறக்கிவிட்டுப் போன காலம் இருந்தது. அந்தப் பெயரைத்தான் இன்று கம்ப்யூட்டர் ஒரு எண்ணாக எழுதி வைக்கிறது.

இதில் சமுதாயத்தின் உரிமையும் கலந்திருக்கிறது. முஸ்லிம்கள் அதிகம் வாழும் சில பகுதிகளை எதிர்மறைப் பகுதி என்று வங்கிகள் குறித்து வைத்துக் கொண்டு கடன் வசதிகளைத் தவிர்ப்பதை 2006ல் நீதிபதி ராஜேந்திர சச்சார் குழு அறிக்கை அம்பலப்படுத்தியது. வட்டியில்லா வங்கி முறையை 2008ல் ரகுராம் ராஜன் குழு பரிந்துரைத்தது. அதை மேற்கொண்டு எடுத்துச் செல்லப் போவதில்லை என்று 2017ல் ரிசர்வ் வங்கி கைவிட்டது. இந்த இரண்டு அநியாயங்களுக்கும் எதிராக நாம் தொடர்ந்து குரல் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.

ஆனால் குரல் கொடுப்பவன் கையில் ஆதாரம் வேண்டும். அறிக்கையில் மதம் என்று ஒரு கட்டம் கிடையாது. தெருவின் பெயருக்கு மதிப்பெண் கிடையாது. கட்டினாயா, கட்டவில்லையா என்பது மட்டும்தான் பேசுகிறது. கறையில்லாத அறிக்கையை மேசை மீது வைத்து, எங்கள் வியாபாரியை ஏன் மறுத்தாய், காரணத்தை எழுத்தில் கொடு என்று கேட்கும்போது அதிகாரி பதில் சொல்லியே ஆக வேண்டும். பாக்கிக்காரர்களின் பட்டியலை நாமே நீட்டிக் கொடுத்தால், ஏற்கனவே நம்மை ஒதுக்குபவனுக்கு அது வெறும் வாயில் போட்ட அவல்.

வாழ்நாளில் கடனே வாங்காத நம் பெரியவர்களுக்கு ஸ்கோரே இருக்காது. அது குற்றமல்ல. முந்தைய கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல் முறை கேட்பவரை மறுக்கக் கூடாது என்று 2025ல் மத்திய நிதியமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்தியிருக்கிறது. எனவே ஸ்கோர் ஏற்றுவதற்காகவே கார்டு வாங்கு என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

ஏற்கனவே அறிக்கை உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு முறை அதை எடுத்துப் படியுங்கள். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நீங்கள் வாங்காத கடன் உங்கள் பெயரில் இருக்கலாம். கட்டி முடித்த கடன் முடியாததாகக் காட்டலாம். உடனே எழுத்தில் புகார் செய்யுங்கள். 30 நாளில் சரி செய்யாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நண்பனுக்காக நீங்கள் போட்ட ஜாமீன் கையெழுத்தும் உங்கள் அறிக்கையில் நிற்கும். முகத்தாட்சண்யத்துக்காகக் கையெழுத்துப் போடும் வியாபாரிகள் இதை மறக்கக் கூடாது.

மஹல்லாவுக்கு ஒரு வேண்டுகோள்

ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடனாளியும் ஒருவர் (9:60). நம் ஊர்களில் ஜகாத் பணம் புடவையாகவும் சில்லறையாகவும் கரைகிறது. ஊதாரித்தனமாக இல்லாமல் மருத்துவத்துக்கும் குடும்பச் செலவுக்கும் கடன்பட்டு, வட்டியில் சிக்கித் தவிக்கும் ஒருவரை ஆண்டுக்கு ஒருவராவது கணக்குப் பார்த்து முழுவதும் மீட்டு விட்டால் என்ன? பைத்துல்மால் இல்லாத ஊரில் பத்து வியாபாரிகள் சேர்ந்து ஒன்றைத் தொடங்கினால் என்ன? மெஷினில் கமிஷன் எடுத்த கைகளே அதற்கு முதல் தொகையைப் போடட்டும். ஜும்ஆ மேடைகளில் வட்டியைக் கண்டிக்கும் இமாம்கள், மினிமம் கட்டுவதும் வட்டிதான் என்பதை வெளிப்படையாகப் பெயர் சொல்லி எச்சரிக்கட்டும்.

இளைஞர்களே, வியாபாரப் பெருமக்களே! அடுத்த பில் வரும் தேதி உங்களுக்குத் தெரியும். நாம் போகும் தேதி நமக்குத் தெரியாது. ஜனாஸா முன்னால் வைக்கப்பட்டு, இவருக்குக் கடன் உண்டா என்று கேட்கப்படும்போது, நம் பிள்ளை தலைகுனியாமல் இல்லை என்று சொல்ல வேண்டாமா? இன்றே தாளை எடுங்கள். எழுதுங்கள். இந்த மாதமே முதல் கார்டை முடிக்கும் வேலையைத் தொடங்குங்கள்.

அல்லாஹ் நம் அனைவரையும் கடன் சுமையிலிருந்தும் வட்டியின் கேட்டிலிருந்தும் காப்பானாக!